சதுரக் குழி

அத்தியாயம் 7

"என் தம்பி பண்ணியிருந்தா பண்ணினான்னு சொல்லிடுங்க. பண்ணலைன்னா பண்ணலைன்னு சொல்லிடுங்க. ரெண்டுல ஒண்ணு தெரியாம எனக்கு ஒரு வாய் தண்ணி உள்ள இறங்கல மேடம்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குச் சற்று நிம்மதியாக இருந்திருக்கும். போலீஸ் ஸ்டேஷன் வராந்தாவில் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, கையிலிருந்த தண்ணீர் பாட்டிலின் கழுத்தைத் திருகிக்கொண்டே இருந்தாள். பத்தடி தள்ளி, கம்பிக்குப் பின்னால் அவளுடைய தம்பி. அந்தப் பக்கம் அவள் திரும்பக்கூட இல்லை.

விஷயம் இதுதான். நேற்றுக் காலை பத்து மணிக்கு ஒரு லாரிப் பட்டறையின் முற்றத்தில், சரக்கோடு நின்ற லாரியை ஜாக்கி வைத்துத் தூக்கியிருக்கிறார்கள். ஜாக்கி சாய்ந்தது. அடியில் படுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்த ஹெட் மெக்கானிக்கின் இடுப்பின்மேல் லாரி இறங்கிவிட்டது. அந்த ஹெட் மெக்கானிக் இவளுடைய புருஷன். ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை. ஜாக்கியை நிறுத்தியது அதே பட்டறையில் வேலை செய்யும் இவளுடைய தம்பி. மாமனை ஒழித்துக்கட்ட வேண்டுமென்றே அடியில் மரக்கட்டை வைக்காமல் வெறும் மண்ணில் ஜாக்கியை நிறுத்தினான், கட்டையைப் புதருக்குள் எறிந்துவிட்டான் என்று பட்டறை முதலாளி எழுதிக் கொடுத்திருக்கிறார். மாலை நாலு மணிக்கு அவனைக் கோர்ட்டுக்குக் கொண்டு போகிறார்கள். இப்போது மணி பன்னிரண்டரை.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் மேடத்தின் உதவியாள். எடை நூற்று நாலு கிலோ. எல்லோரும் என்னை 'டன்' என்று கூப்பிடுவார்கள், நானும் திரும்பிப் பார்த்துவிடுவேன். மேடம் முப்பது வருஷம் இன்ஷூரன்ஸ் சர்வேயராக விபத்துகளை அளந்தவர். எடை நாற்பத்தைந்து கிலோ. அதில் பாதி கோபம்.

"அவன் வாயத் தெறக்க மாட்டேங்கறான் மேடம்" என்றார் இன்ஸ்பெக்டர். "நேத்துலேருந்து ஒரு வார்த்தை கிடையாது. தப்பு பண்ணாதவன் எதுக்குப் பேசாம இருக்கணும்?"

"தப்பு பண்ணினவங்கதான் சார் நிறையப் பேசுவாங்க" என்றேன் நான். "நான் சின்ன வயசுல அப்படித்தான்."

"நீ இப்பவும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு மேடம் கம்பியருகே போனார். "கையக் காட்டு."

அவனுக்கு முப்பது வயதிருக்கும். தயங்கிக் கையை நீட்டினான். வலது உள்ளங்கையில் விரல்களுக்குக் கீழே வரிசையாக நாலு கொப்புளம், ஒன்று உடைந்திருந்தது.

"பத்து வருஷமா ஸ்பேனர் பிடிக்கிற கை. மரத்துப் போயிருக்கணும். இது புதுக் கொப்புளம். என்னத்தைப் பிடிச்சே?"

அவன் கையை மூடிக்கொண்டான். கண் மட்டும் அக்காவின் முதுகுக்குப் போய்விட்டு வந்தது.

இன்ஸ்பெக்டர் புதரில் கிடைத்த அந்தக் கட்டையைக் கொண்டுவந்து மேஜையில் போட்டார். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, மூன்று விரல் கனம், நல்ல வைரம் பாய்ந்த மரம். மேடம் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு என் மூக்கருகே நீட்டினார்.

"மோந்து பாரு."

"ஒண்ணும் இல்லையே."

"அதான். பட்டறைக் கட்டையில கிரீஸ் நாத்தம் எங்க? இது ஒரு வருஷமா லாரி ஜாக்கிக்கு அடியில கெடந்துச்சாம். மூஞ்சி கழுவிப் பவுடர் போட்டுக்கிட்டு வந்தாப்பல இருக்கு." விரலை நடுவில் வைத்துத் தேய்த்தார். "டன் கணக்குல எடை ஏறின ஜாக்கி, நின்ன எடத்துல தடம் பதிச்சிருக்கணும். நடுவுல ஒரு கீறல்கூட இல்ல. நாலு மூலையில மட்டும் நாலு குழி. சின்னச் சின்னதா, சதுரமா. சுத்தி வெள்ளையா தண்ணிக் கறை."

"கட்டைன்னா நாலு அடி பட்டிருக்கும் மேடம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நாலு மூலையிலயும் ஸ்கேல் வச்சு அளந்தா அடி படும்?" என்று கேட்டுவிட்டு மேடம் கைப்பையை எடுத்துக்கொண்டார். "கட்டையையும் தூக்கிக்கிட்டுப் பட்டறைக்கு வாங்க. டன், வண்டிய எடு."

அக்காவும் எழுந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. வேண்டாமென்று சொல்லும் தைரியமும் யாருக்கும் இல்லை.

*

பட்டறையில் நாலு லாரிகள் எலும்பும் தோலுமாக நின்றன. ஆட்கள் கும்பலாகச் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் நுழைந்ததும் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

முதலாளியின் அறை மட்டும் வேறு உலகம். வெள்ளை டைல்ஸ், முகம் தெரிகிற பளபளப்பு, ஜில்லென்று ஏசி. மூலையில் ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடி மீன் தொட்டி, இரும்பு ஸ்டாண்டின் மேல், காலியாக. அதிலிருந்த தங்க நிற மீன்கள் ஒரு பிளாஸ்டிக் வாளியில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருந்தன.

நான் நாற்காலியை இழுத்தேன்.

"ஐயையோ, நீங்க உக்காராதீங்க!" முதலாளி பாதி எழுந்துவிட்டார். "கால் மெல்லிசு. உங்க வெயிட்டுக்கு டைல்ஸ் போயிடும். நேத்துதான் ஒண்ணு விரிசல் விட்டுது."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. புருஷன் பிழைப்பானா மாட்டானா என்று தெரியாமல் ஒருத்தி வாசலில் நிற்கிறாள், அவளை உட்காரச் சொல்ல இந்த மனுஷனுக்கு வாய் வரவில்லை. டைல்ஸுக்கு மட்டும் நெஞ்சு பதறுகிறது.

"தொட்டி ஏன் காலியா இருக்கு?" என்றார் மேடம், சும்மா பேச்சுக்குக் கேட்பவர்போல.

"கழுவறோம்."

"நல்லது. என்ன நடந்துச்சு, சொல்லுங்க."

"நடந்ததெல்லாம் எழுதிக் குடுத்திருக்கேனே. காலையில மாமனுக்கும் மச்சானுக்கும் பெரிய சண்டை. 'இன்னிக்கு வண்டிக்கு அடியில போனா நீ திரும்பி வரமாட்டே'ன்னு இந்தப் பய கத்தினான். என் காதால கேட்டேன். அரை மணி நேரத்துல அதே மாதிரி ஆயிடுச்சு. வேற என்ன சாட்சி வேணும்? வளர்த்துவிட்டவருக்கே குழி பறிச்சிட்டான்."

"அந்தக் குழியத்தான் பாக்க வந்திருக்கேன்" என்று மேடம் எழுந்தார்.

*

முற்றம் மண் தரை. பக்கத்திலேயே லாரி கழுவும் குழாய், அதனால் எப்போதும் ஈரம். லாரியைத் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். கயிறு கட்டிய இடத்துக்கு நடுவில் ஒரு குழி, கலங்கல் தண்ணீர் நிரம்பிக் கிடந்தது. ஒரு சாணுக்குமேல் அகலம் இருக்கும்.

அக்கா கயிற்றுக்கு வெளியே நின்றுவிட்டாள். மண்ணில் இன்னும் ஒரு செருப்பு கிடந்தது. அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஜாக்கியைக் கொண்டாங்க" என்றார் மேடம்.

சுவரோரக் கும்பலிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். வெல்டர், நரைத்த மீசை. ஜாக்கியை மேடத்தின் காலடியில் வைத்துவிட்டு, முதலாளி முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போனார்.

"இன்ஸ்பெக்டர், ஜாக்கியோட அடி என்ன வடிவம்?"

"வட்டம்."

"குழி?"

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். மறுபடி பார்த்தார். ஓரம் கொஞ்சம் சரிந்திருந்தாலும் நாலு மூலையும் மண்ணில் தெளிவாகத் தெரிந்தன. "சதுரம்."

"வெறும் மண்ணுல ஜாக்கிய நிறுத்தியிருந்தா வட்டக் குழிதான் விழணும். வட்டக் காலு சதுரக் குழி பறிக்குமா? நேத்துலேருந்து எத்தனை பேர் சார் இந்தக் குழிய எட்டிப் பாத்தீங்க?"

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர், காது சிவந்தது.

"டன், கைய உள்ள விடு."

என்னிடம் இருப்பதே ரெண்டு நல்ல சட்டை. அதில் ஒன்றின் கையை மடக்கிவிட்டு, மண்டியிட்டு முழங்கைவரை விட்டேன். விரலில் ஏதோ தட்டியது. மரம். சேறு அதை விடமாட்டேன் என்றது, நானும் விடவில்லை. கடைசியில் 'பொளக்' என்று கையோடு வந்தது.

முக்கால் அடிச் சதுரக் கட்டை. மேல்பக்கத்தில் ஜாக்கியின் வட்டம் அச்சுக் குத்தியதுபோல் பதிந்திருந்தது. மேடம் அதைக் குழாயில் கழுவி, ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார்.

"ரெண்டு பக்கம் கிரீஸ் ஊறிக் கறுத்துப் போயிருக்கு. ஒரு வருஷக் கறுப்பு. மத்த ரெண்டு பக்கம் மஞ்சளா, ரம்பத்தோட பல்லு பதிஞ்சு புதுசா இருக்கு. ரெண்டு பக்கம் பழசு, ரெண்டு பக்கம் புதுசுன்னா என்ன டன்?"

நான் விரலால் காற்றில் ஒரு சதுரம் போட்டேன். குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு. "பெரிய கட்டைய நாலா அறுத்த ஒரு மூலை."

"பரவால்ல, உனக்கும் வேலை செய்யுது."

"அறுத்தா என்னங்க இப்ப?" முதலாளி பின்னாலேயே வந்து நின்றிருந்தார். "கட்டை கட்டைதானே? பெருசா இருந்தா என்ன, சின்னதா இருந்தா என்ன? தூக்கறது ஜாக்கி. கட்டை சும்மா கெடக்குது."

மேடம் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் ஒரு எட்டுப் பின்வாங்கினேன்.

"டன், ஷூவோட அந்தச் சேத்துல போய் நில்லு."

நின்றேன். கணுக்கால் வரை உள்ளே போனேன். "மேடம், இந்த ஷூ போன மாசம்தான்..."

"வாய மூடு. இன்ஸ்பெக்டர், நீங்க கொண்டுவந்த பெரிய கட்டையப் போடுங்க. டன், அது மேல ஏறு."

ஏறினேன். கட்டை லேசாக அமுங்கி நின்றுவிட்டது. சிலைபோல நின்றேன்.

"இப்ப சின்னது."

முக்கால் அடிக் கட்டையில் ரெண்டு காலையும் ஒடுக்கி நின்றேன். ஒரு நொடி ஒன்றும் இல்லை. பிறகு இடது மூலை மெல்ல இறங்கியது. நான் கையை ஆட்டினேன். அது இன்னும் இறங்கியது. அடுத்த நொடி நான் சேற்றில் உட்கார்ந்திருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. சுவரோரம் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"இவன் எடை மாறல. மண்ணும் மாறல" என்றார் மேடம். "மாறினது ஒண்ணே ஒண்ணு, எடை எவ்வளவு எடத்துல பரவி இறங்குதுங்கறது. அகலக் கட்டைன்னா மண்ணு பங்கு போட்டுத் தாங்கும். அதையே நாலுல ஒண்ணாக் குறைச்சா, மண்ணுல ஒவ்வொரு விரக்கடையும் நாலு மடங்கு அழுத்தம் வாங்கும். இவன் வெறும் நூத்தி நாலு கிலோ. அதுக்கே சாஞ்சுட்டான். நேத்து இது மேல நின்னது சரக்கு ஏத்தின லாரி. சிமெண்டுத் தரைன்னா தாங்கியிருக்கும். இந்தச் சேறு எப்படித் தாங்கும்?"

கயிற்றுக்கு வெளியே அக்காவின் கையிலிருந்த பாட்டில் நெரிந்து சத்தம் போட்டது.

முதலாளி சுதாரித்துக்கொண்டார். "அப்படின்னா இன்னும் மோசம்! பெரிய கட்டை இருக்கும்போது சின்னத எதுக்கு வச்சான்? பெருசத் தூக்கிப் புதருல போட்டுட்டுத்தானே? கொல பண்ணணும்னுதானே?"

இன்ஸ்பெக்டர் மேடத்தைப் பார்த்தார். நாம் கஷ்டப்பட்டு வெட்டிய பள்ளத்தில் அவனையே தள்ளிவிட்டோமோ?

மேடம் பெரிய கட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஏசி அறைக்குள் போனார். சேற்றுக் காலோடு வெள்ளை டைல்ஸில் நடந்தார். நானும் நடந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நாளில் எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அதுதான்.

"டன், தொட்டியத் தூக்கு."

காலித் தொட்டி, கனமில்லை. ஸ்டாண்டோடு அணைத்துத் தூக்கினேன். ஒரு காலுக்கு அடியில் டைல்ஸ் நட்சத்திரமாக வெடித்திருந்தது. மேடம் கட்டையைக் கீழே தள்ளினார்.

"எறக்கு."

இறக்கினேன். ஸ்டாண்டின் நாலு கால்களும் கட்டையின் நாலு மூலைக் குழிகளில் போய் உட்கார்ந்தன, சாவி பூட்டில் நுழைவதுபோல. இன்ஸ்பெக்டர் கீழே உட்கார்ந்து ஒவ்வொரு மூலையாகத் தடவிப் பார்த்தார். எழுந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

"முதலாளி, உங்ககிட்ட ஒரே கேள்வி" என்றார் மேடம். குரல் கீழே இறங்கியிருந்தது. அவருக்கு உண்மையான கோபம் வந்தால் அப்படித்தான். "தொட்டியக் கழுவி ஒரு நாள் ஆச்சு. மீனெல்லாம் வாளியில மூச்சு வாங்குது. ஏன் இன்னும் தண்ணி நெரப்பல?"

"அது... நெரப்பினா கீழ டைல்ஸ் தாங்கா..."

பாதியில் நிறுத்திக்கொண்டார். ஆனால் சொல்ல வேண்டியது எல்லாம் வெளியே வந்துவிட்டது.

"தாங்காது. தெரியும், இல்ல? மெல்லிசுக் காலுக்குக் கீழ அகலமா கட்டை வேணும்னு தெரியும். இவன நாற்காலியில உக்கார வேணாம்னு சொல்லத் தெரியும். டைல்ஸுக்கு முழுக் கட்டை. ஆளுக்கு மட்டும் நாலுல ஒரு துண்டு போதும்னு தோணிச்சா உங்களுக்கு?"

வாசலில் நிழலாடியது. வெல்டர் நின்றிருந்தார். கையில் ஒரு சாக்கு. அதை அப்படியே டைல்ஸின் மேல் கொட்டினார். தடதடவென்று மூன்று கட்டைகள் விழுந்தன.

"கம்ப்ரஸருக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருந்தாரு" என்றார். "ரெண்டே பெரிய கட்டைதான் மேடம் வந்துச்சு. ஒண்ணு வந்த அன்னிக்கே இந்த ரூமுக்குப் போயிடுச்சு. முந்தாநாள் நாலு வண்டி ஒண்ணா வந்து நின்னுச்சு. இன்னொரு கட்டை கேட்டோம். 'இருக்கறத நாலா அறுங்கடா'ன்னாரு. காலையில அந்தப் பையன் மாமன் கையப் பிடிச்சுக்கிட்டுக் கெஞ்சினான், 'சேத்துல இது நிக்காது, அடியில போகாதே, போனா திரும்பி வரமாட்டே'ன்னு. இவரு அங்கேதான் நின்னாரு. 'பயமா இருந்தா ரெண்டு பேரும் கெளம்புங்க, வெளிய பத்து பேர் நிக்கறான்'னாரு."

"இதை நேத்தே சொல்ல என்ன கேடு?" மேடம் அவர்மேலும் பாய்ந்தார். "ஒருத்தன் கம்பிக்குப் பின்னால ராத்திரி பூரா உக்காந்திருக்கான்!"

வெல்டர் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கும் வீடு இருக்கு மேடம். தப்புதான். செருப்பால அடிங்க." பிறகு முதலாளியைப் பார்த்தார். "நேத்து நாங்க அத்தனை பேரும் ஆஸ்பத்திரியில ரத்தம் குடுக்க வரிசையில நின்னுக்கிட்டு இருந்தோம். இவரு இங்க உக்காந்து மீன வாளிக்கு மாத்திட்டு, தொட்டிக்கு அடியில இருந்த கட்டைய உருவிப் புதருல போட்டுக்கிட்டு இருந்திருக்காரு."

நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். இன்ஸ்பெக்டர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவர் மட்டும் இழுக்கவில்லை என்றால், நூற்று நாலு கிலோவும் ஒரே முஷ்டியில் எப்படி இறங்கும் என்று அந்த மனுஷனுக்குப் பாடம் எடுத்திருப்பேன்.

"நான் சொல்லத்தான் செஞ்சேன்!" முதலாளி கத்தினார். "ரம்பத்தப் பிடிச்சது நானா? அறுத்தது யாருன்னு கேளுங்க! அந்தம்மாவையே கேக்கச் சொல்லுங்க, அவங்க தம்பிகிட்ட!"

அக்கா வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. அவள் மேடத்தைப் பார்த்தாள்.

மேடம் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. "ஆமாம்மா. ஸ்டேஷன்ல கையப் பாத்தப்பவே எனக்குத் தெரியும். அது ரம்பக் கொப்புளம்."

*

ஸ்டேஷனுக்குத் திரும்பியபோது மூன்று மணி. இன்ஸ்பெக்டர் முதலாளியை உள்ளே அனுப்பிவிட்டு, கம்பிக் கதவைத் தன் கையாலேயே திறந்தார். தம்பி வெளியே வந்தான். மேஜைமேல் வரிசையாக வைத்திருந்த நாலு துண்டுகளையும் பார்த்தான். பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

அக்கா அவனுக்கு எதிரே போய் நின்றாள். நேற்றிலிருந்து முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தாள்.

"ஏண்டா வாயத் தெறக்கல?"

அவன் உதடு அசைந்தது. ஒரு நாள் பூட்டிக் கிடந்த குரல், கரகரவென்று வந்தது.

"நான் அறுத்த கட்டைக்கா. என் கையால அறுத்தேன். முடியாதுன்னேன், வேலைய விட்டுப் போடான்னாரு. மாமாதான், 'அறுத்துடுடா, வம்பு வேணாம், நான் பாத்துக்கறேன்'னாரு. அறுத்தேன். நானே வச்சேன். என் கண்ணு முன்னால அது சாஞ்சுது. நான் என்னத்தக்கா சொல்றது? நான் பண்ணலைன்னா?"

பளார்!

ஸ்டேஷனே திரும்பிப் பார்த்தது. ரைட்டரின் பேனா அந்தரத்தில் நின்றது. இன்ஸ்பெக்டர் தடுக்கப் போனார், மேடம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவன் கன்னத்தைத் தொடக்கூட இல்லை. இன்னொன்று விழும் என்று காத்திருந்தான். விழட்டும் என்றுதான் காத்திருந்தான்.

அக்காவுக்கு மூச்சு இரைத்தது. நெரிந்துபோன பாட்டிலின் மூடியைத் திறந்தாள். முதலில் தான் ஒரு வாய் குடித்தாள். தொண்டைக்குள் இறங்கியது. பிறகு அதை அவன் கையில் திணித்தாள்.

"குடி. குடிச்சிட்டு எழுந்திரு. ஆஸ்பத்திரிக்குப் போகணும். உங்க மாமா கண்ணத் தெறந்தா மொதல்ல உன்னத்தான் கேப்பாரு."

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக்கா வருவேன்?"

"இதே மூஞ்சிய வச்சுக்கிட்டுதான்" என்றாள் அவள். "என் அஞ்சு விரலும் பதிஞ்சிருக்குல்ல, அதோட வா."